படப்பலகையில் ஒரு வாரம்

லிமரிக், திங்கள், மார்ச் 3, 2025

இந்த வாரம் எல்லாம் ஒன்றாக வந்து சேர்ந்திருக்கிறது. ஐரிஷ் மொழி வாரம் சனிக்கிழமையே தொடங்கிவிட்டது; பெயர்தான் வாரம், மார்ச் 17, புனித பேட்ரிக் திருநாள் வரை ஓடும். நாளை பான்கேக் செவ்வாய், மறுநாள் சாம்பல் புதன், வியாழன் உலகப் புத்தக நாள். நடுவில் பொறியாளர் வாரம் வேறு. ஆசிரியர்கள் அறையில் ஒரே உற்சாகம். எனக்கு மட்டும் கொஞ்சம் கலக்கம்.

நான் இரண்டாம் வகுப்பில் எஸ்.என்.ஏ., அதாவது சிறப்புத் தேவை உதவியாளர். பாடம் நடத்துவது ஆசிரியை வேலை. சிறப்புக் கவனம் தேவைப்படும் பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்து, அவன் நாளைச் சிக்கலில்லாமல் கடக்க உதவுவது என் வேலை. என் பொறுப்பில் இருக்கும் பையனுக்கு ஆட்டிசம். ஒன்பது மணிக்கு வந்ததும் மேசைமேல் இருக்கும் படப்பலகையைப் பார்ப்பான்: கணக்கு, மைதானம், ஐரிஷ், சாப்பாடு, 2.40-க்கு வீடு. முடிந்ததன் படத்தைப் பிய்த்து டப்பாவில் போடுவான். பலகையில் இல்லாத எதுவும் நடந்தால் அவனுக்கு ஆகாது.

அதிகம் பேசாதவன், ஆனால் கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்கும் ஐரிஷ் வாக்கியத்தைப் பிசிறில்லாமல் சொல்வான். அயர்லாந்தில் பள்ளிக்குப் போன எல்லோருக்கும் மறக்காத வாக்கியம் அது. ஒரு சொல்கூட மாறாமல் தினமும் வருவதால்தான் அவனுக்குப் பிடித்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

மாலையில் நான்கு புதுப் படங்கள் வரைந்தேன்.

செவ்வாய், மார்ச் 4

தவக்காலத்துக்கு முன் வீட்டிலுள்ள முட்டை, பால், வெண்ணெயைத் தீர்க்க வந்த வழக்கம் இந்தப் பான்கேக். மெல்லிசாக ஊற்றி, எலுமிச்சைச் சாறும் சர்க்கரையும் தூவிச் சுருட்டுவார்கள். பள்ளிக் கூடத்தில் மேசை போட்டு ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பரிமாறினார்கள். ரமலான் தொடங்கிவிட்டதால் அவர்களில் ஒருத்தி நோன்பு. முகம் சுளிக்காமல் எல்லோருக்கும் சர்க்கரை தூவிவிட்டு, தன் பங்கை டப்பாவில் மூடி வைத்தாள்: “சாயங்காலம் நோன்பு திறந்ததும் சாப்பிடுவேன்.”

பையன் பான்கேக்கைத் தொடவில்லை, எலுமிச்சைத் துண்டை மட்டும் சப்பினான். பான்கேக் படத்தை டப்பாவில் போட்டான். அதுவே போதும்.

புதன், மார்ச் 5

பாதிரியார் வந்தார். சென்ற ஆண்டுக் குருத்தோலையை எரித்த சாம்பலை நெற்றியில் சிலுவையாக இட்டார். இங்கே தொடக்கப் பள்ளிகளில் பத்தில் ஒன்பது கத்தோலிக்கத் திருச்சபையின் பொறுப்பில் இருப்பவை. ஆசிரியர் சம்பளம் அரசுடையது. வகுப்பிலோ எல்லா மதத்துப் பிள்ளைகளும் உண்டு. விருப்பமில்லாதவர்கள் பின்வரிசையில் படம் வரைந்தார்கள்.

நெற்றியை யாரும் தொடுவது நம் பையனுக்குப் பிடிக்காது. அவனுக்கு வேறு வேலை கொடுத்தோம். தவக்காலந்தோறும் ட்ரோகரா அமைப்பு பள்ளிகளுக்கு அட்டை உண்டியல் அனுப்பும். 1973-இல் அயர்லாந்து ஆயர்கள் தொடங்கிய உதவி அமைப்பு. வகுப்புக்கு வேண்டிய உண்டியல் அத்தனையையும் அவனே மடித்தான், ஒன்றுகூடக் கோணவில்லை.

வியாழன், மார்ச் 6

புத்தக நாள் என்பதால் பிள்ளைகள் கதைமாந்தர் வேடத்தில் வந்தார்கள். வாசலில் ஏழு ஹாரி பாட்டர், நான்கு ‘வேர்ஸ் வாலி’ வாலி. பையன் வழக்கமான சீருடையில் வந்தான், வேடத்துணி அரிக்கும். யாரென்று கேட்டதற்கு, “ஹாரி பாட்டர். அவனும் ஸ்கூல்தானே போறான்” என்றான். ஆசிரியை சிரித்துவிட்டு, ஆர்ட்டெமிஸ் ஃபவுல் கதைகளை எழுதிய ஓயன் கோல்ஃபரும் முன்னாள் தொடக்கப் பள்ளி ஆசிரியர்தான் என்று வகுப்புக்குச் சொன்னார். ஒன்றரை யூரோ புத்தகச் சீட்டு எல்லோருக்கும் கிடைத்தது.

வேட ஊர்வலம் பதினோரு மணிக்கு என்று பலகையில் இருந்தது. பத்து மணிக்கே ஒலிபெருக்கியில் கூப்பிட்டுவிட்டார்கள். கதவு திறந்ததும் தாழ்வாரச் சத்தம் உள்ளே பாய்ந்தது. அவன் மேசைக்கடியில் போய்விட்டான். காதடைப்பானை மாட்டி அமைதி அறைக்கு அழைத்துப்போனேன். அரைமணிக்குப் பிறகு கேட்டான்: “பதினொண்ணுன்னு போட்டிருந்துதே?” நியாயமான கேள்வி.

வெள்ளி, மார்ச் 7

காலையில் தலைமையாசிரியரைப் பார்த்தேன். சத்தம்கூட அவனுக்குப் பழகிவிடும், சொல்லாமல் வரும் மாற்றம்தான் பழகாது என்றேன். இனி வெள்ளிதோறும் மறுவார நிகழ்ச்சிகளை எழுதி ஒட்டுவது, நேரம் மாறினால் முதலில் இரண்டாம் வகுப்புக்குச் சொல்வது என்று முடிவானது.

பிறகு பொறியாளர் வாரத்துக்காகப் பிள்ளைகள் ஸ்பகெட்டியும் மார்ஷ்மெல்லோவும் வைத்துப் பாலம் கட்டினார்கள். பக்கத்தில் ஷானன் ஆற்றில் 1929-இல் முடிந்த ஆர்ட்னாக்ருஷா நீர்மின் நிலையத்தின் படங்களை ஆசிரியை காட்டினார். மதியம் மைதானத்தில் ‘லிமரிக் சுவர்கள்’ என்னும் கூட்டு நடனம். பாட்டுப்பெட்டி பையன் கையில். அடுத்து எந்தப் பாட்டு என்பது அவனுக்கு மட்டுமே தெரியும். அதில் அவனுக்குப் பரம திருப்தி.

திரும்பி வந்தால் அவன் பலகையைச் சுற்றி நாலைந்து பேர். அடுத்த வாரம் என்ன என்று அவர்களுக்கும் தெரிய வேண்டுமாம். வகுப்புக்கே பெரிய பலகை ஒன்றைச் சுவரில் மாட்டலாம் என்கிறார் ஆசிரியை. பதினேழாம் தேதி விடுமுறை என்பதால் பள்ளி ஊர்வலம் அடுத்த வெள்ளியே. முரசு, பச்சைத் தொப்பி, கொடி மூன்றும் வரைய வேண்டும். லேமினேட் தாள் தீர்ந்துவிட்டது, நாளை வாங்க வேண்டும்.