காயற்கரையில் நான்கு நாட்கள்

மணநாளைக் கொண்டாடுவதற்கென்று கணவனும் மனைவியுமாக வெளியூர் சென்று தங்குவது நம் குடும்பங்களில் நெடுங்கால வழக்கமன்று. கோயிலுக்குச் செல்வோம், பாயசம் வைப்போம், பெரியவர்களை வணங்குவோம், மறுநாள் வழக்கம்போல் அலுவலுக்குப் புறப்படுவோம். மேனாட்டாரோ ஏரிக்கரைத் திராட்சைத் தோட்டங்களுக்குச் சென்று, அங்கு வடித்த மதுவைச் சுவைத்து, ஓரிரு நாட்கள் கவலையின்றி இருந்து வருவர். மும்பை நண்பர் பலரும் இப்பொழுது அவ்வாறே நாசிக் செல்கின்றனர். கங்காபூர் அணையின் நீர்ப்பரப்பை அடுத்து அங்கே திராட்சைத் தோட்டங்கள் உள்ளன. எங்கள் மணவாழ்க்கையின் 25ஆம் ஆண்டு நிறைவெய்தியபோது எங்கள் பிள்ளைகளும் நாசிக்கையே கூறினர். மது எங்களுக்குப் பழக்கமில்லை. ஆயினும் நீர்க்கரையையும் ஓய்வையும் வேண்டாமென்று தள்ள மனம் வரவில்லை. ஆகவே கொங்கண் இருப்புப்பாதை வழியே தெற்கு நோக்கிப் புறப்பட்டுக் கொச்சியை அடைந்து, மட்டாஞ்சேரியில் காயலை நோக்கிய ஒரு சிறு விடுதியில் நான்கு நாட்கள் தங்கினோம்.

ஓய்வுக்குச் சென்றோம் என்றாலும், தீர்க்க வேண்டிய ஒரு காரியத்தையும் உடன் கொண்டு சென்றோம். திருநெல்வேலிச் சீமையில் எங்களுக்கு ஒரு பூர்விக வீடு உண்டு. அதில் இப்பொழுது குடியிருப்பவர் தம்பி. பங்கைத் தம் பெயருக்கு எழுதித் தர இயலுமா என்று அவர் கேட்டு ஆறு மாதங்களாயின. எங்களுள் ஒருவருக்கு ஓய்வு பெற்றபின் அவ்வீட்டுத் திண்ணையில் அமர வேண்டுமென்று ஆசை. மற்றவருக்குப் பிள்ளைகள் இருக்கும் இடமே ஊர். இதனால் எங்கள் வீட்டில் சண்டை ஏதும் நிகழவில்லை. ஆனால் அப்பேச்சு எழுந்தபோதெல்லாம் மௌனம் நிகழ்ந்தது. வெளியூரில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் இம்மௌனத்தை அறியாதவை சிலவே என எண்ணுகிறோம்.

எர்ணாகுளத்திலிருந்து நீர்வழியே செல்வதே இனிது. 2023ஆம் ஆண்டில் தொடங்கிய ‘வாட்டர் மெட்ரோ’ப் படகுகள் மின்னாற்றலால் இயங்குகின்றன, புகையில்லை, இரைச்சலும் குறைவு. 2024 முதல் அவை கோட்டைக் கொச்சிக்கும் செல்கின்றன. வேம்பநாட்டுக் காயல் இந்தியாவின் மிக நீண்ட ஏரி. ஆலப்புழைப் பக்கத்திலிருந்து வடக்கே நீண்டு, கொச்சியில் வாய் திறந்து அரபிக் கடலோடு கலக்கிறது. ஒரு புறம் பெருங்கப்பல்கள் நிற்கும் துறைமுகம்; மறுபுறம் ஓட்டுக் கூரை வேய்ந்த பழைய பண்டகசாலைகள்; நடுவே ஆகாயத் தாமரை மிதந்து வரும் பழுப்பு நிற நீர். காலையில் தாழ்வாரத்தில் அமர்ந்து புட்டும் கடலையும் உண்டு, பிறகு வெறுமனே அந்நீரைப் பார்த்துக் கொண்டிருந்தோம். கடிகாரத்தைப் பாராமல் காப்பி அருந்தும் பேறு, மும்பையில் மின்சார ரயிலைப் பிடிப்பதிலேயே காலம் கழித்தோர்க்குத்தான் விளங்கும்.

மதுவைத் தேடிச் செல்லாத எங்களுக்கும் மதுவின் வரலாறு அங்கே எதிர்ப்பட்டது. கொச்சிக்கு வடக்கே, பெரியாற்றின் முகத்தில் முசிறி என்னும் சேரர் துறைமுகம் இருந்தது. யவனரின் மரக்கலங்கள் பொன்னோடு வந்து மிளகோடு மீண்டதை அகநானூற்றுப் புலவர் எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் பாடியுள்ளார். யவனர் கொணர்ந்த மணமிக்க மதுவைப் பாண்டியன் நன்மாறன் பருகியதை நக்கீரர் புறநானூற்றில் குறிக்கின்றார். பட்டணம் என்னும் சிற்றூரில் 2007 முதல் நடைபெற்ற அகழாய்வுகளில், மத்தியதரைக் கடல் நாடுகளின் மதுச்சாடித் துண்டுகள் ஏராளமாய்க் கிடைத்தன. முசிறியிலிருந்து சரக்கேற்றிய ‘ஹெர்மபொல்லோன்’ என்ற கப்பலைப் பற்றிய கிரேக்க ஒப்பந்தம் ஒன்று, கி.பி. 2ஆம் நூற்றாண்டினது, இன்று வியன்னா நகரில் உள்ளது. மேனாட்டார் திராட்சைத் தோட்டத்தை நாடிச் செல்கின்றனர். அன்றோ, திராட்சை மதுவே மிளகை நாடி இக்கரைக்கு வந்தது!

1341ஆம் ஆண்டில் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் அப்பழந்துறையைத் தூர்த்துக் கொச்சியின் முகத்துவாரத்தை அகலத் திறந்தது என்பது வரலாற்றாசிரியர் கூறும் செய்தி. அதன் பின்னர் வாணிகம் கொச்சியை அடைந்தது. வாணிகத்தைத் தொடர்ந்து 1500இல் போர்த்துக்கீசியரும், 1663இல் டச்சுக்காரரும், 1795இல் ஆங்கிலேயரும் வந்தனர். 1524இல் கொச்சியில் இறந்த வாஸ்கோ ட காமாவைக் கோட்டைக் கொச்சியின் புனித பிரான்சிஸ் ஆலயத்தில் புதைத்தனர். சில ஆண்டுகளுக்குப் பின் அவர் எலும்புகளைத் தோண்டியெடுத்துத் தாய்நாட்டிற்குக் கொண்டு சென்றனர். இன்று அங்கிருப்பது வெற்றுக் குழியின் மேல் ஒரு கல்லே. இறந்த பின்னும் ஊர் திரும்பும் ஆசை மனிதரை விடுவதில்லை போலும் என்று எங்களுள் ஒருவர் கூற, மற்றவர் ஒன்றும் கூறவில்லை.

இரண்டாம் நாள் மட்டாஞ்சேரிக் கொட்டாரத்தைக் கண்டோம். போர்த்துக்கீசியர் 1555ஐ ஒட்டிக் கட்டிக் கொச்சி மன்னருக்கு அளித்தது இது; டச்சுக்காரர் பின்னர்ப் பழுது பார்த்ததால் ‘டச்சு அரண்மனை’ என்றே பெயர் நின்றுவிட்டது. புறத்தோற்றம் எளியது. உள்ளே தரை கரும்பளிங்கு போல் மின்னுகிறது. ஆனால் அது பளிங்கன்று. தேங்காய்ச் சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, செடிச் சாறு, முட்டையின் வெண்கரு ஆகியவற்றைக் கலந்து இழைத்தது. மன்னரின் பள்ளியறைச் சுவர்களில் இராமாயணம் முழுவதும் காவி, பச்சை, மஞ்சள் வண்ணங்களில் விரிகின்றது. உருவங்கள் ஒன்றையொன்று நெருக்கி நிற்பதால், கதை தெரியாதவர்க்கு அது வண்ணக் குழப்பமாகத் தோன்றலாம். பாட்டி சொல்லக் கேட்டவர்க்கோ ஒவ்வொரு முகமும் பழகிய முகம். கீழறை ஒன்றில் குமாரசம்பவக் கதை வரையப் பெற்றிருக்கிறது. மணநாளுக்காகச் சென்ற நாங்கள், சிவபெருமானும் உமையும் மணங்கொண்ட கதையின் எதிரில் சற்று நேரம் நின்றோம்.

கொட்டாரத்தை அடுத்ததே யூதர் தெரு. முன்னர்க் கொடுங்கல்லூரிலிருந்த யூதர்கள் 16ஆம் நூற்றாண்டில் கொச்சி மன்னரிடம் அடைக்கலம் புக, மன்னர் தம் அரண்மனைக்குப் பக்கத்திலேயே நிலம் அளித்தார். அங்கே 1568இல் எழுந்தது பரதேசி யூதர் கோயில். நம் பேச்சில் இரந்துண்பவரைக் குறிக்கும் அச்சொல், அங்கே பிற தேசத்திலிருந்து வந்தவர் என்ற நேர்ப்பொருளிலேயே நிற்கின்றது. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டே உள்ளே செல்ல வேண்டும். தரையெங்கும் சீன நாட்டிலிருந்து வந்த நீல வெள்ளை ஓடுகள். கையால் வரையப் பெற்றவை. மேலே பெல்ஜியக் கண்ணாடி விளக்குகள். வெளியே 1760இல் எழுப்பிய மணிக்கூண்டு. 1968இல் இக்கோயிலின் 400ஆம் ஆண்டு விழாவில் பிரதமர் இந்திரா காந்தி கலந்துகொண்டார். அரசினர் அஞ்சல் தலையும் வெளியிட்டனர்.

ஆனால் தெருவில் யூதர் இல்லை. 1948இல் இஸ்ரேல் நாடு தோன்றியபின் குடும்பங்கள் ஒவ்வொன்றாய்க் கப்பலேறின. எவரும் அவர்களைத் துரத்தவில்லை. பல நூற்றாண்டுகள் மதிப்போடு வாழ்ந்த ஊரை விட்டு, வேதத்தில் படித்த ஊருக்குத் தாமே சென்றனர். இன்று கொச்சியில் எஞ்சியிருப்போரை விரல்விட்டு எண்ணலாம். வீடுகள் பழம்பொருள் கடைகளாயின. மிளகுக் கிடங்குகள் பலவும் அவ்வாறே. பண்டைய மட்டாஞ்சேரி யூதர் கோயில் ஒன்றன் உட்புற மரவேலைப்பாடு ஜெருசலேம் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எங்களை மிகவும் தொட்ட செய்தி வேறொன்று. கொச்சி யூதப் பெண்கள் திருமணத்திலும் பண்டிகையிலும் பாடியவை மலையாளப் பாடல்கள். அவற்றை நோட்டுப் புத்தகங்களில் எழுதிக் கடல் கடந்து கொண்டு சென்றனர், அங்கும் பாடினர். வீட்டைத் தூக்கிச் செல்ல இயலவில்லை. பாட்டைத் தூக்கிச் சென்றனர்.

மூன்றாம் நாள் கோட்டைக் கொச்சியின் வெளிப்பகுதிக்குச் சென்றோம். அங்கே ஒரு சலவைத் துறை உள்ளது. டச்சுக்காரர் தம் படையினரின் உடைகளை வெளுப்பதற்காகத் தமிழ்நாட்டிலிருந்து அழைத்து வந்தவர்களின் வழிவந்தோர் இங்கே தொழில் செய்வதாகக் கூறுவர். இப்போதைய துறையை 1976இல் பெருங்கொச்சி வளர்ச்சிக் குழுமம் கட்டிக் கொடுத்தது. மும்பை மகாலட்சுமியில் ரயிலிலிருந்து காணும் துறையைவிட இது சிறிது, அமைதியானது. முறுக்கிய கயிறுகளின் புரியிடையே துணியின் முனையைச் செருகி உலர்த்துகின்றனர், கிளிப்பு வேண்டுவதில்லை. காற்றில் கஞ்சி மணம்; உள்ளே கரிப்பெட்டியின் வெம்மை.

எங்கள் பேச்சைக் கேட்டு, வேட்டி ஒன்றைத் தேய்த்துக் கொண்டிருந்த முதியவர் நிமிர்ந்தார்.

“எந்த ஊரு உங்களுக்கு?”

“திருநெல்வேலிப் பக்கம், ஐயா. இருப்பது மும்பையில். உங்களுக்கு எந்த ஊர்?”

“இந்த ஊருதான் தாயி. பாட்டன் பூட்டன் எல்லாம் இங்கதான்.”

“அங்கே வீடு, நிலம் ஏதும் இல்லையா?”

“எந்தூருல இருந்து வந்தோம்னே தெரியாதே. அப்புறம் வீட்ட எங்க போய்த் தேடுறது?” என்று சிரித்தார். பிறகு பின்னால் திரும்பி, “எலே, இவங்களுக்குத் தண்ணி கொண்டா” என்றார். பேரன் கொண்டு வந்தான். பள்ளியில் அவன் படிப்பது மலையாளம். “குடிங்க” என்று எங்களிடம் சொன்னது தமிழ்.

அன்று மாலை கடற்கரையில் சீன வலைகளைப் பார்த்துக் கொண்டிருந்தோம். நீண்ட மரங்களைப் பிணைத்து, ஒரு முனையில் வலையும் மறு முனையில் கயிற்றில் தொங்கும் கற்களுமாக அமைந்த பெருந்துலாக்கள் அவை. நான்கைந்து பேர் கயிற்றை இழுக்க வலை மேலெழுகிறது. விட்டால் மெல்ல நீரில் அமிழ்கிறது. சிலமுறை மீன் உண்டு, பலமுறை இல்லை. எவரும் அலுத்துக் கொள்ளவில்லை.

அங்கேதான் அவ்வாறு மாதத்துப் பேச்சு தானே எழுந்தது. ஒரு தெருவில் கோயிலும் கல்லும் ஓடும் பழுதின்றி இருக்கின்றன. மாலையில் விளக்கேற்ற ஆளில்லை. மற்றொரு தெருவில் பூர்விக வீடுமில்லை, ஊரின் பெயரும் நினைவில்லை. வந்தவர்க்குத் தண்ணீர் கொடுக்கும் தமிழ் இருக்கிறது. அப்படியானால் வீட்டுப் பங்கைப் பிடித்துக்கொண்டு நாம் காப்பது எதனை? எங்களுள் திண்ணைக்கு ஆசைப்பட்டவரே இக்கேள்வியைக் கேட்டார். உடனே மற்றவர், “ஆனால் தம்பி இருக்கும் வரையிலாவது ஆண்டுக்கு ஒரு மாதம் அங்கே போய் இருப்போம். பிள்ளைகளும் வரட்டும். இதை நான் மனமாரச் சொல்கிறேன்” என்றார். விட்டுக்கொடுத்தவர் யார், பெற்றவர் யார் என்று பிரித்துச் சொல்வது இப்பொழுது எங்களுக்கே அரிதாயிருக்கிறது. பங்கைத் தம்பிக்கே எழுதிக் கொடுப்பதென்றும், தைப்பொங்கலை ஆண்டுதோறும் அவ்வீட்டில் கழிப்பதென்றும் முடிவு செய்தோம். பாட்டியின் தாலாட்டுகளில் எங்களுக்கு நினைவிலிருப்பவற்றை எழுதி வைக்கவும் இசைந்தோம். நான்காம் நாள் காலை, தாழ்வாரத்தில் அமர்ந்து அவ்வேலையைத் தொடங்கினோம். ஏழு கிடைத்தன. மறந்த அடிகளை ஊரிலுள்ள பெரியம்மாவிடம் கேட்க வேண்டும்.

செல்ல விரும்பும் அன்பர்களுக்குச் சில சொற்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை தட்பவெப்பம் இனிது. ஜூனில் தொடங்கும் பெருமழையில் நடப்பது கடினம். வெள்ளிக்கிழமையில் கொட்டாரமும், சனிக்கிழமையில் யூதர் கோயிலும் மூடியிருக்கும். ஆதலால் இவ்விரு நாட்களையும் காயலுக்கும் ஓய்வுக்கும் வைத்துக் கொள்க. மட்டாஞ்சேரியை வண்டியில் சுற்றுவதைவிடக் காலையிலும் மாலையிலும் நடந்து காண்பதே நன்று. கொங்கணியர் கோயில், குஜராத்தியரின் சமணக் கோயில், பள்ளிவாசல், மாதா கோயில் எல்லாம் சில தெருக்களுக்குள் அடங்கிவிடும். சலவைத் துறைக்குச் செல்வோர் அதனை வேடிக்கைக் காட்சியாகக் கருதலாகாது. அது பிறர் உழைக்குமிடம். கேட்டுவிட்டே படம் எடுக்க வேண்டும். தமிழில் கேளுங்கள், விடையும் தமிழில் வரும்.