கரித்துண்டும் ஓலை நறுக்கும்

ஜூலை 8

முதலாண்டு மாணவர்களுக்குச் சித்திரக்கூடம் இன்று திறந்தது. சிற்றூர்களிலிருந்து வந்திருக்கும் இப்பிள்ளைகளில் பெரும்பாலோர், புகைப்படத்தின்மீது கட்டம் போட்டு, அக்கட்டங்களைப் பெரிய தாளில் பெருக்கி, தலைவர்களையும் நடிகர்களையும் அச்சுப் பிசகாமல் எழுதப் பழகியவர்கள். அப்படங்களைச் சுருட்டிக் கையோடு கொண்டும் வந்திருந்தார்கள். கூர் சீவிய பென்சில்களைப் பைக்குள் வைக்கச் சொல்லி, ஆளுக்கொரு கரித்துண்டும், அழிப்பதற்கு ரொட்டியின் உள்சதையும் கொடுத்து, கூடத்தின் நடுவே ஒரு முக்காலியைக் கவிழ்த்து வைத்தேன். முக்காலியை வரைய வேண்டாம், அதன் கால்களுக்கிடையே தெரியும் வெற்றிடங்களின் உருவத்தை மட்டும் வரையுங்கள் என்றபோது சிறிது நேரம் ஒருவரும் கையை அசைக்கவில்லை. பெயர் இல்லாத வடிவத்தை மனம் முன்கூட்டியே அறிந்திருக்க முடியாதாகையால் கண் உழைத்தே தீர வேண்டும் என்பதுதான் இந்த அப்யாசத்தின் தாத்பரியம். மணிக்கட்டால் எழுதிப் பழகிய கைகள் தோளிலிருந்து இயங்கத் தொடங்கியதும் கோடுகள் தடுமாறின. மாலைக்குள் நாலைந்து பேர் நிமிர்ந்து நின்று, தாளைப் பார்ப்பதைக் காட்டிலும் முக்காலியை அதிகமாகப் பார்க்கலானார்கள்.

ஜூலை 10

இரவு, பௌஹௌஸ் பள்ளியைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். வைமார் நகரில் 1919இல் வால்ட்டர் குரோப்பியஸ் தொடங்கிய அப்பள்ளியில் ஆரம்பப் பாடத்தை வகுத்த யோஹன்னஸ் இட்டன், வகுப்பைச் சுவாசப் பயிற்சியோடு தொடங்குவாராம். மரம், கம்பளி, கண்ணாடி முதலியவற்றைத் தொட்டுணரச் செய்து, சொரசொரப்புக்கும் வழவழப்புக்கும் உள்ள பேதத்தை விரல் அறிந்த பின்னரே வரைய விடுவாராம். அவர் 1923இல் விலகிய பின் அப்பாடத்தில் பங்கேற்ற யோசப் ஆல்பர்ஸ், பழைய செய்தித்தாள்களைக் கொடுத்து, துண்டும் வீணாகாமல் அவற்றிலிருந்து ஏதேனும் படைக்கச் சொன்னார். இவ்விருவரும் தொடக்கப்பள்ளி ஆசிரியப் பயிற்சி பெற்றவர்கள் என்பது எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. முதலாண்டை இளைய ஆசிரியரிடம் ஒப்படைத்துவிட்டு மூத்தவர்கள் மேல்வகுப்புகளில் அமர்ந்துகொள்ளும் வழக்கம் பல கல்லூரிகளில் உண்டு. அது தலைகீழாக இருக்க வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

ஆயினும் முன்பு கற்ற சம்பிரதாயங்களையெல்லாம் களைந்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும் என்று இட்டன் விரும்பியதை அப்படியே ஏற்க என் மனம் ஒப்பவில்லை. செத்துப்போன பழக்கங்களில் சிக்கியிருந்த ஜெர்மானிய இளைஞர்களுக்கு அது மருந்தாக இருந்திருக்கலாம். கட்டம் போட்டு ஒரு சாண் படத்தை நாற்பது அடிக்கு உயர்த்திச் சென்னை வீதிகளில் நிறுத்திய சினிமா பேனர் ஓவியர்களின் வித்தையை, அவர்கள் வீட்டுப் பிள்ளையிடம் எந்த நியாயத்தைக் கொண்டு உதறச் சொல்வது?

ஜூலை 15

எழும்பூர் அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிக் கூடத்துக்கு வகுப்பை அழைத்துச் சென்றேன். சோழர் காலத்துத் திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரரின் முன் அனைவரும் அமர்ந்தோம். வலப்புறம் இரு கைகளோடு ஆணாகவும், இடப்புறம் ஒரே கையோடு பெண்ணாகவும், இடை ஒசிந்து நிற்கும் அத்திருமேனியை வரைவது, இரண்டு உடல்களின் பாரத்தை ஒரே நிலையில் நிறுத்துவதாகும். மற்றவர்கள் ஒரு கண்ணை மூடி, கரித்துண்டை நீட்டிப் பிடித்து அளவெடுத்துக்கொண்டிருக்க, சுவாமிமலைப் பக்கத்து மாணவன் ஒருவன், தான் வரையவிருந்த உருவின் உயரத்துக்கு ஒரு காகித நறுக்கைக் கிழித்து, மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தான். “வீட்டில் தென்னங்குருத்து ஓலையில் மடிப்போம் சார், இங்கே ஓலை இல்லை” என்றான். சிற்பிகள் கைக்கொள்ளும் உத்தம தசதாளம் என்னும் அளவுமுறையில் உருவின் உயரத்தை 124 அங்குலமாகப் பகுப்பார்கள். அந்த அங்குலம் கடையில் விற்கும் அளவுகோலைச் சேர்ந்ததன்று, அந்தந்தப் பிரதிமையின் உயரத்திலிருந்தே பிறப்பது. ஆகவே ஒரு சாண் சிலைக்கும் ஆளுயரச் சிலைக்கும் ஒரே மடிப்புதான்.

அவன் வரைந்த உருவில் முகமும் மார்பும் முழங்காலும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. இடையின் ஒசிவு மட்டும் வரவில்லை. ஓலை சொன்னதை எழுதினானேயன்றி எதிரே நின்ற திருமேனியைப் பார்க்கவில்லை. நடுவே ஒரு நூல் தொங்குவதாக எண்ணி, மூக்கும் உந்தியும் குதிகாலும் அந்நூலிலிருந்து எவ்வளவு விலகுகின்றன என்று மட்டும் பார், தம்பி என்றேன். தகப்பனார் பட்டறையில் அந்த நூலையும் அவன் அறிந்திருந்தான். ஆனால் செய்யப்போகும் சிலைக்கு அளவு குறிக்க நூல் பிடித்தவனேயன்றி, செய்து முடிந்த சிலையைக் காண்பதற்கு அதைப் பிடித்தவனல்லன். இரண்டாவது தாளில் இடை ஒசிந்தது. அவன் தாளில் நான் கோடிடவில்லை. முதலாண்டில் எவர் தாளிலும் கோடிட மாட்டேன்.

ஜூலை 16

அடுத்த வாரம் மண் வகுப்பு தொடங்குகிறது. கம்பியும் சட்டமும் வந்துவிட்டன. மண்ணை மூடிவைக்க ஈரச்சாக்கு இன்னும் வேண்டும். வகுப்பு தொடங்குவதற்கு முந்தைய நாள் ஓலை மடிக்கும் முறையை வகுப்பு முழுமைக்கும் கற்றுத்தரும்படி அந்தப் பையனைக் கேட்டிருக்கிறேன். முதலில் கூச்சப்பட்டவன், பிறகு, அப்பாவை அழைத்து வரலாமா என்று கேட்டான். முதல்வரிடம் அனுமதிக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன், குருத்தோலைக்கும் சொல்லியாயிற்று.