சூரியகாந்தி வயலில்

ஆடிச் சாரலில் தென்காசியிலிருந்து பஸ் ஏறிச் சுந்தரபாண்டியபுரம் சேர்ந்தோம். மேற்கே மலைத்தொடர், எதிரே கண்கொள்ளாச் சூரியகாந்தி.

வரப்பில் நின்ற பெரியவர் அங்கலாய்த்தார்: "பேரன் வளைகுடாவுக்குப் போகிறானாம். இந்த வயலை விற்று ஏஜெண்டுக்குக் கொடுக்கச் சொல்கிறான், ஐயா!"

போவது குற்றமன்று. அமெரிக்காவில் டாக்டர் பட்டம் பெற்ற ஸ்ரீ ஸ்ரீதர் வேம்புதான் பின்னர் தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் குடியேறினார். அங்கே அவருடைய ஜோஹோ கம்பெனி 2011 முதல் கிராமத்து வாலிபர்களுக்கு உத்தியோகம் அளித்து வருகிறது. ஆனால் எல்லோருக்கும் அங்கே இடம் கிடைக்குமா?

"போகட்டும், வயலை விற்காதீர்கள். பதிவு பெற்ற ஏஜெண்டு சட்டப்படி 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும்தான் வாங்கலாம்" என்றோம்.

பெரியவர் பூக்களைக் காட்டினார். "மொட்டு வெயிலோடு மேற்கே திரும்பும், முற்றிய பூ கிழக்கே பார்த்தே நிற்கும். இவனும் ஒரு நாள் ஊர்ப்பக்கம் திரும்புவான். அப்போது நிற்க நிலம் வேண்டுமே!"