ஏரிக்கணக்கு யார் கையில்?

2017-இல் தமிழக அரசு 100 கோடி ரூபாயில் குடிமராமத்துத் திட்டத்தை மணிமங்கலம் ஏரியில் தொடங்கியபோது, ஊராரே ஏரியைப் பராமரிக்கும் பழைய வழக்கம் திரும்புகிறது என்று பலரும் மகிழ்ந்தோம். பாசனதாரர் சங்கங்களே வேலையைச் செய்யலாம் என்று இருந்தது. மதிப்பீட்டில் 10 விழுக்காட்டை உழைப்பாகவோ பொருளாகவோ பணமாகவோ அவர்கள் தரவேண்டியிருந்தது. ஆனால், சில ஊர்களில் சங்கத்தின் பெயரில் ஒப்பந்தக்காரரே வேலை பார்த்ததாகப் புகார் எழுந்தது. அந்தப் பழைய வழக்கம் எப்படித்தான் நடந்தது என்று தேடத் தொடங்கினேன்.

முதலில் கிடைத்தது 1858-ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம். வழக்கப்படி பாசன வேலைக்கு வரவேண்டியவர் வராவிட்டால், அந்த உழைப்பின் மதிப்பைப்போல் இருமடங்கு கட்டவேண்டும் என்கிறது அது. ஊரார் தாமே செய்துவந்த வேலைக்குத் தண்டம் எதற்கு? கடமையைச் சட்டம் எழுதிவைத்தது. ஏரியில் ஊருக்கு இருந்த உரிமையை அதில் காணவில்லை.

அந்த உரிமை என்னவென்று செங்கல்பட்டுப் பக்கத்து முதிய விவசாயிகள் சொன்னார்கள். கோடையில் வண்டலை அள்ளி வயலுக்கு அடிப்பார்கள். வயலுக்கு உரம் சேரும், ஏரியும் தூர்ந்துபோகாது. மீன் ஏலப் பணம் ஊர்ப்பொதுவில் சேர்ந்து மதகுப் பழுதுக்குப் போகும். தண்ணீர் பாய்ச்சும் நீர்க்கட்டிக்குக் களத்திலேயே நெல் அளப்பார்கள்.

இன்னும் பின்னால் போனால் உத்திரமேரூர். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், 919-இலும் 921-இலும் பொறித்தவை. ஏரியைக் கவனிக்கும் ஏரி வாரியத்துக்கு 6 பேரை, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு எடுக்கும் குடவோலை முறையில் தேர்ந்தெடுத்தார்கள். மூன்றாண்டுக்குள் வாரியத்தில் இருந்தவர் மறுபடி வரமுடியாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய உறவினரும் நிற்கமுடியாது. நான் தேடியது இந்த விதியில்தான் கிடைத்தது.

அந்த முறையை அப்படியே போற்ற என்னால் முடியாது. வாரியத்தைத் தேர்ந்தெடுத்தது பிராமணர் சபை; வரி கட்டும் நிலமும் சொந்த மனையும் உள்ள, வேதம் கற்ற ஆண்களுக்கே அதில் இடம். வயலில் உழைத்தவர்கள் வெளியே நின்றார்கள். இன்று கிராமசபையில் வாக்காளர் எல்லோருக்கும் இடம் உண்டு. நிலமில்லாதவருக்கும் பெண்களுக்கும் பேசும் உரிமை உண்டு. அந்த வகையில் சோழர் காலத்தவரைவிட நம் நிலை மேல். கணக்குக் கேட்பதில்தான் அவர்களைவிடப் பின்தங்கியிருக்கிறோம்.

மண் சுமப்பது மட்டும் மக்கள் பங்கேற்பு ஆகாது. எந்த மதகைச் சீரமைப்பது என்று முடிவெடுப்பதும், வருமானத்தில் பங்கு பெறுவதும், செலவைத் தணிக்கை செய்வதும் சேர்ந்தால்தான் ஊர் அந்த வேலையைத் தன்னுடையதாக நினைக்கும். திட்டம் முடிந்த பிறகும் ஏரியைக் காக்கும். மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளில் கிராமசபை கூடும். உங்கள் ஊர் ஏரிக்கு வந்த பணம் எவ்வளவு, செலவானது எதற்கு என்று அங்கே எழுந்து கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.