"பிக்கப் மாத்தினா சரியாயிடும்!" - வள்ளூர் வீட்டுக்கு எலெக்ட்ரிக் கிட்டார் வந்த கதை

அத்திப்பட்டு புதுநகர் ஸ்டேஷனில் மின்சார ரயிலிலிருந்து இறங்கும்போது அவன் கையில் ஒரு நீளமான கறுப்புப் பை இருந்தது. மீன் கூடையோடு இறங்கிய அக்கா ஒருத்தர், "இன்னா தம்பி, வீணையா?" என்று கேட்டார். "கிட்டார்க்கா" என்றான். "எவ்ளோ?" என்ற அடுத்த கேள்விக்குச் சிரித்துக்கொண்டே நடையைக் கட்டினான்.

18,000 ரூபாய். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் வேலை. போன தீபாவளி போனஸும் ஆறு மாத ஓவர்டைம் பணமும் சேர்ந்து அந்தப் பைக்குள் இருந்தன. அண்ணா சாலைக் கடையில் மூன்று சனிக்கிழமைகள் வாசித்துப் பார்த்துவிட்டு, நான்காவது சனிக்கிழமை வாங்கியது. மூன்று சிங்கிள் காயில் பிக்கப், ஐந்து நிலை ஸ்விட்ச், வெளிர்நீல பாடி. அதோடு ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர்.

வள்ளூரில் அவன் வீட்டு மாடியில் நின்றால் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரியும். வீட்டு வாசலில் அப்பாவின் கடை. பெயர்ப்பலகையில் 'மோட்டார் காயில் கட்டித் தரப்படும்' என்ற எழுத்துகள் பாதி உரிந்துவிட்டன. போர் மோட்டார், மிக்ஸி, டேபிள் ஃபேன் என்று ஒருகாலத்தில் வரிசையில் காத்திருக்கும். இப்போது காயில் கட்டும் காசுக்குக் கொஞ்சம் மேலே போட்டால் புது மோட்டாரே கிடைக்கிறது. "இதைக் கத்துக்கோடா" என்று அப்பா ஒருமுறை சொன்னார். "இதுல இன்னா நைனா கீது?" என்று மகன் கேட்டான். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

உர்ர்ர்... என்றது கிட்டார்

கடையில் வாசித்தபோது தேன் மாதிரி இருந்த கிட்டார், வீட்டில் ஆம்ப்ளிஃபயரைப் போட்டதும் 'உர்ர்ர்...' என்று உறுமியது. வால்யூமை ஏற்றினால் உறுமலும் ஏறியது. டியூப் லைட் போட்டால் கூடுதலாக ஒரு 'ஜ்ஜ்ஜ்'. செல்போன் சார்ஜர் பக்கத்தில் இருந்தால் இன்னொரு சத்தம்.

ஆடி மாதம் அம்மன் கோயில் திருவிழாவில் அவன் வாசிக்கும் இன்னிசைக் குழுவுக்குக் கச்சேரி. இன்னும் மூன்று வாரம்தான். ஒத்திகையில் கீபோர்டு வாசிக்கும் அண்ணன் முகம் சுளித்தார். "பாட்டுக்கு நடுவுல இந்த இரைச்சல் வந்தா மானம் போயிடும். பிக்கப்பை மாத்து. ஹம்பக்கர் போடு."

அன்றிரவு முழுக்க செல்போனில் அதே தேடல்தான். நல்ல பிக்கப் செட் 12,000 ரூபாயைத் தாண்டியது. சிங்கிள் காயில் இருக்கும் இடத்தில் அகலமான ஹம்பக்கர் உட்கார வேண்டுமானால் மரத்தைக் குடைய வேண்டும், மேல்தகட்டை வெட்ட வேண்டும். சிங்கிள் காயிலுக்கு வழக்கமாக 250 கிலோ ஓம் வால்யூம் கன்ட்ரோல், ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓம். அதையும் மாற்ற வேண்டும். கூலி தனி. கிட்டார் விலையில் முக்கால்வாசி வந்து நின்றது.

கையில் காசில்லை. அம்மா எடுத்த சீட்டுப் பணம் மட்டும் பீரோவில் இருந்தது. மழைக்கு முன்னால் ஒழுகும் தளத்தைச் சரிசெய்ய வைத்தது அது. "தீபாவளிக்குள்ள திருப்பித் தந்துடறேம்மா" என்றான். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை பணத்தை எடுத்துக் கொடுத்தார். மேலே ஒருமுறை தளத்தைப் பார்த்துக்கொண்டார்.

சாப்பாட்டை நிறுத்திய அப்பா

ஆர்டர் போடுவதற்கு முந்தைய இரவு, சாப்பிடும்போது பேச்சுவாக்கில் சொன்னான். "இந்த வீட்ல கரன்ட்டே சரியில்ல நைனா. கிட்டாரைப் புடிச்சிக்கிட்டு மைக்ல பாடினா உதட்டுல சுருக்குங்குது."

அப்பாவின் கை தட்டில் அப்படியே நின்றது.

"எப்பலேர்ந்து?"

"ரெண்டு மூணு தடவை. லேசாத்தான்."

கையைக் கழுவினார். கடையிலிருந்து டெஸ்டரை எடுத்து வந்தார். ஆம்ப்ளிஃபயரைப் போடச் சொல்லி, கிட்டார் கம்பியில் டெஸ்டர் முனையை வைத்தார். உள்ளே இருந்த சிவப்பு விளக்கு மெல்ல எரிந்தது. அவனுக்குத் தொண்டை வறண்டது.

"இதைத்தான் மடியில வச்சிக்கினு உக்காந்திருந்தியா?" என்றார். குரல் உயரவில்லை. கைதான் நடுங்கியது.

நடந்தது இதுதான். எலெக்ட்ரிக் கிட்டாரின் கம்பிகள், பிரிட்ஜ் வழியாகவும் கேபிளின் வெளிவலை வழியாகவும் ஆம்ப்ளிஃபயரின் உலோகக் கூட்டோடு இணைந்திருக்கும். அந்தக் கூடு, பிளக்கின் மூன்றாவது பின் வழியாக பூமிக்குப் போக வேண்டும். அந்த வீட்டில் பிளக் பாயின்ட்டின் மூன்றாவது ஓட்டை பார்வைக்கு இருந்தது. பின்னால் ஒயர் இல்லை. போக வழியில்லாத கசிவு மின்சாரம் கம்பியிலேயே காத்திருந்தது. மைக் வேறொரு மின்னழுத்தத்தில் இருந்தது. விரல் கம்பியிலும் உதடு மைக்கிலும் பட்டபோது இரண்டுக்கும் நடுவே அவன் உடம்புதான் ஒயர்.

இது 'லேசான ஷாக்' என்று விட்டுவிடக்கூடிய விஷயமல்ல. 1972 மே 3-ம் தேதி, பிரிட்டனின் ஸ்வான்சீ நகரில் 'ஸ்டோன் தி க்ரோஸ்' என்ற ராக் குழுவின் மேடை. கிட்டார் கலைஞர் லெஸ்லி ஹார்வி, சரியாக எர்த் செய்யப்படாத மைக்கைத் தொட்டார். மின்சாரம் தாக்கி மேடையிலேயே விழுந்தார். உயிர் பிழைக்கவில்லை. அப்போது அவருக்கு வயது 27.

மறுநாள் காலை அப்பாவின் நண்பரான வயர்மேன் வந்தார். வீட்டுக்குப் பின்னால் குழி தோண்டி, ஜி.ஐ. பைப் இறக்கி, கரியும் உப்பும் கொட்டி எர்த் போட்டார்கள். ஒவ்வொரு பிளக் பாயின்ட்டுக்கும் பச்சை ஒயர் போனது. மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியரில் கட் ஆகும் ஆர்.சி.சி.பி. ஒன்று ஏறியது. செலவு சீட்டுப் பணத்திலிருந்துதான். பிக்கப் செட் விலையில் பாதிகூட வரவில்லை.

மாலையில் கிட்டாரை மாட்டினான். டெஸ்டர் எரியவில்லை. உதட்டில் சுருக் இல்லை. கூடவே, அந்த உறுமலில் பாதிக்கு மேல் காணவில்லை!

மீதி இரைச்சல் எங்கிருந்து வந்தது?

பாதி போனது. மீதி இருந்தது. "இதுக்கு இன்னா பண்றது?" என்று அப்பாவே கேட்டார். கிட்டாரைத் திறந்து காட்டச் சொன்னார். கம்பிகளைத் தளர்த்தி, மேல்தகட்டைக் கழற்றி, பிக்கப்பை வெளியே எடுத்தான்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அப்பா உற்றுப் பார்த்தார். "டேய்... இது காயில்டா!"

ஆமாம், காயில்தான். ஆறு கம்பிக்கு ஆறு காந்தத் துண்டுகள், அவற்றைச் சுற்றி எனாமல் பூசிய செம்புக் கம்பி. இரும்புக் கம்பி காந்தத்துக்கு மேலே அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது. அந்த அசைவால் காயிலில் மின்சாரம் பிறக்கிறது. 1831-ல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த தத்துவம். மின் நிலைய ஜெனரேட்டரும் அதில்தான் ஓடுகிறது.

"எத்தினி சுத்து?"

"இந்த மாதிரி பிக்கப்புக்கு சுமார் எட்டாயிரம் சுத்து."

அப்பா விசில் அடித்தார். சீலிங் ஃபேனுக்கு அவர் 36 கேஜ் கம்பி சுற்றியிருக்கிறார். இது 46 கேஜ் பக்கம், தலைமுடி மாதிரி. மீட்டரை வைத்தார். ஆறு கிலோ ஓம் காட்டியது. "மோட்டார்ல சில ஓம்தான்டா வரும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "வார்னிஷ் போட்டிருக்கானா?" "இல்ல நைனா, மெழுகுல முக்கி எடுப்பாங்க. சுத்து அசைஞ்சா கீச்சுனு கத்தும்." "அதேதான்! மோட்டாருக்கும் அதுக்குத்தான் வார்னிஷ்."

பல வருடங்களுக்குப் பிறகு அப்பாவும் மகனும் ஒரே மேஜையில் உட்கார்ந்து ஒரு காயிலைப் பற்றிப் பேசினார்கள்.

சிங்கிள் காயிலுக்குக் கம்பியின் அதிர்வு எது, சுவருக்குள் ஓடும் கரன்ட் எது என்று பிரிக்கத் தெரியாது. இரண்டையும் வாங்கிக்கொள்ளும். நம் ஊர் மின்சாரம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாகப் போய்வருகிறது. அதனால் ஸ்பீக்கரில் 50 ஹெர்ட்ஸும் அதன் இரட்டிப்பான 100 ஹெர்ட்ஸும் கேட்கின்றன. கிட்டாரின் தடித்த கம்பியில் மூன்றாவது ஃப்ரெட்டை அழுத்தினால் வரும் 'ஜி' ஸ்வரம் 98 ஹெர்ட்ஸ். அதாவது, இந்தியாவில் கிட்டார் கிட்டத்தட்ட 'ஜி' ஸ்வரத்தில் உறுமுகிறது! 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள அமெரிக்காவில் உறுமலின் ஸ்வரமே வேறு.

ஜன்னல் வழியே அப்பா புகைபோக்கிகளைக் காட்டினார். என்.டி.பி.சி-யும் தமிழ்நாடு மின்வாரியமும் சேர்ந்து அமைத்த வள்ளூர் அனல்மின் நிலையம். தலா 500 மெகாவாட்டில் மூன்று யூனிட்கள். அங்கே டர்பைன் நிமிடத்துக்கு 3,000 முறை சுற்றுகிறது. 60-ஆல் வகுத்தால் நொடிக்கு 50. "அப்ப உன் கிட்டார்ல கேக்கறது நம்ம ஊரு சத்தம்தான்" என்றார்.

ரெண்டு காயில் சூட்சுமம்

இந்த உறுமலை அடக்கத்தான் கிப்சன் நிறுவனத்தில் வேலை பார்த்த சேத் லவர் ஹம்பக்கரை உருவாக்கினார். 1955-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1959-ல் கிடைத்தது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு காயில்கள். ஒன்றுக்கு ஒன்று எதிர்த்திசை இணைப்பு, காந்த முனைகளும் எதிரெதிர். வெளியிலிருந்து வரும் உறுமல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போகும். கம்பியின் இசை மட்டும் கூடும். மகன் முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் அப்பாவுக்குப் புரிந்துவிட்டது.

"உன் கிட்டார்ல மூணு காயில் கீதே. ரெண்டை அப்படி சேக்க முடியாதா?"

சேர்க்க முடியும். ஏற்கெனவே சேர்த்துத்தான் வைத்திருக்கிறார்கள்! பல புது கிட்டார்களில் நடு பிக்கப் மட்டும் எதிர்த்திசையில் சுற்றி, காந்தமும் திருப்பி வைக்கப்பட்டிருக்கும். ஐந்து நிலை ஸ்விட்ச்சை இரண்டிலோ நான்கிலோ வைத்தால் நடு பிக்கப் இன்னொன்றோடு சேரும், உறுமல் அடங்கும். வைத்துப் பார்த்தான். அறையே அமைதியானது. வாங்கிய நாளிலிருந்து கையிலேயே இருந்த மருந்து.

சில வேலைகளை அன்றே செய்தார்கள். பழைய கம்பிகளை மாற்றினார்கள். பிக்கப்பின் இரண்டு பக்க ஸ்க்ரூவையும் திருப்பி, கம்பிக்கும் அதற்கும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி வைத்தார்கள். ரொம்ப ஒட்டி இருந்தால் காந்தம் கம்பியைப் பிடித்து இழுத்து சுருதியைக் கெடுக்கும். புது கிட்டார் வாங்குபவர்கள் பிக்கப்புக்குக் காசு போடும் முன் இந்த வரிசையில் பார்ப்பது நல்லது: முதலில் எர்த், பிறகு கேபிள், கம்பி, பிக்கப் உயரம், ஸ்விட்ச் நிலை. இவ்வளவுக்குப் பிறகும் ஒலியின் குணமே பிடிக்கவில்லை என்றால்தான் புது பிக்கப். ஒரு விஷயம் மட்டும் கூடவே கூடாது. 'இரைச்சல் குறையும்' என்று யார் சொன்னாலும் மூன்றாவது பின்னை வெட்டாதீர்கள். அந்தப் பின் உயிர்.

அன்றிரவு அப்பாவின் பழைய கேசட் ஓடியது. மாண்டலின் யு.ஸ்ரீநிவாஸ். நான்கு ஜோடிக் கம்பிகளுக்குப் பதில் ஐந்து ஒற்றைக் கம்பிகள் கொண்ட எலெக்ட்ரிக் மாண்டலினில் கர்னாடக இசையை உலகமெங்கும் கொண்டுபோனவர். 2014-ல், 45 வயதில் மறைந்தார். "இதுலயும் காயில்தான் நைனா" என்றான் மகன். இருபது வருடமாக அந்த கேசட்டைக் கேட்டவர் முதல்முறை கேட்பதுபோல் தலையை ஆட்டிக் கேட்டார்.

ஆடித் திருவிழா இரவு

கச்சேரி மேடைக்குப் பின்னால் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. மகன் மேடையேறுவதற்கு முன்பே அப்பா அங்கே போய் நின்றார். "எர்த் ராடு அடிச்சிட்டியாப்பா?" "அடிச்சாச்சு பெரியவரே." அவர் நம்பவில்லை. குனிந்து பார்த்தார், ஒயரைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். மைக்கிலும் கிட்டார் கம்பியிலும் டெஸ்டரை வைத்துப் பார்த்த பிறகுதான் இறங்கினார்.

கிட்டார் உறுமவில்லை. இரண்டாவது நிலையில் ஸ்விட்ச், சுத்தமான ஒலி. கீபோர்டு அண்ணன் பாட்டு முடிந்ததும் திரும்பி, "பிக்கப் மாத்திட்டியா?" என்று கேட்டார். அவன் தலையசைத்தான். ஆமாம் என்றா, இல்லை என்றா என்று அவருக்குப் புரியவில்லை.

மிச்சப் பணம் அம்மாவிடம் திரும்பிப் போனது. எர்த்துக்குப் போன பணத்தைத் தீபாவளிக்குள் தருவதாகச் சொல்லியிருக்கிறான். தளத்தில் பாதி பூசியாயிற்று. ஆர்டர் போடாத அந்த பிக்கப் செட் அவன் செல்போனில் இன்னும் பத்திரமாக இருக்கிறது. அடுத்த வருட போனஸுக்குப் பார்க்கலாம் என்கிறான். பிரிட்ஜ் பக்கம் மட்டும் கொஞ்சம் கனமான ஒலி வேண்டுமாம்.

அப்பாவுக்கு ஆட்சேபணை இல்லை. ஒரே ஒரு கண்டிஷன்.

"மாத்தும்போது பழசைத் தூக்கிப் போட்டுடாத. நான் ஒரு தடவை அதைப் பிரிச்சி, சுத்திப் பாக்கணும்."