மாஸ்டர் சிரித்தார்

"மூணு மாசத்துல இருபது கிலோவா? நடக்காது தம்பி!"

நாமக்கல் ஜிம்மில் மாஸ்டர் இப்படிச் சிரித்ததும் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அந்த வாரமே கொல்லிமலைக்குப் போய், ஆகாய கங்கை அருவிக்கு இறங்கினேன். ஆயிரத்துக்கு மேல் படிகள். இறங்கும்போது ஹீரோ. ஏறும்போது பத்துப் படிக்கு ஒருமுறை உட்கார்ந்தேன்.

காமர்ஸ் மூளை சும்மா இருக்குமா? அங்கேயே கணக்குப் போட்டேன். ஒரு கிலோ கொழுப்பு சுமார் 7,700 கலோரி. இருபது கிலோவை 90 நாளில் கரைக்க, தினமும் 1,700 கலோரி குறைய வேண்டும். கிட்டத்தட்ட பட்டினிதான்! வாரத்துக்கு அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை குறைப்பதே நல்லது என்கிறார்கள்.

அவர் சந்தேகப்பட்டது என்னையல்ல, என் தேதியை.

திங்கட்கிழமை போய்க் கேட்டேன்: "மாஸ்டர், ஒரு வருஷம்னா?"

இந்தமுறை அவர் சிரிக்கவில்லை. "காலைல ஆறு மணிக்கு வந்துடு" என்றார்.