துவாரகையில் வண்டி துடைக்கும் வேளை

துவாரகை என்றவுடன் கண்ணபிரான் அரசு வீற்றிருந்த கடற்கரை நகரம் நம் நினைவுக்கு வருவது இயல்பே. அந்நகரம் குசராத்து மாநிலத்தின் மேலைக் கடலோரத்தில் இருக்கிறது. நான் இங்கு எழுதப் புகுந்தது, தில்லி மாநகரின் தென்மேற்கு மூலையில், இந்திரா காந்தி விமான நிலையத்தை அடுத்து அமைந்திருக்கும் துவாரகா என்னும் புறநகரைப் பற்றியாகும். தில்லி வளர்ச்சி ஆணையம் பப்பன்கலான் என்ற பெயரில் வகுத்த திட்டமே பின்னாளில் இப்பெயர் பெற்றது. இங்கே இடங்களைத் தெருப்பெயரால் அறிவதைவிடச் செக்டார் எண்ணால் அறிவதே வழக்கம். 2005-ஆம் ஆண்டின் கடைசி நாளன்று மெட்ரோ இரயில் இவ்வூரை எட்டியது. அதன் பின்னர் இங்கே வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல. வட இரயில்வேயில் எழுத்தராகப் பணியாற்றும் எனது குடும்பமும் அவற்றுள் ஒன்று.

துவாரகையைப் பார்க்க விரும்பும் அன்பர்கள் விடியற்காலை ஐந்தரை மணிக்கு எழுந்து வரவேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாயிலில் பால்காரருக்கும் செய்தித்தாள் போடும் பையனுக்கும் அடுத்தபடியாக ஒருவர் நுழைவார். ஒரு கையில் வாளி. மறு கையில் துணிகள். வரிசையாக நிற்கும் கார்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டே செல்வார். வீட்டுக்காரர் மாதந்தோறும் ஒரு தொகை கொடுத்துவிடுவார். தலைக்குமேல் விமானங்கள் தாழப் பறந்து இறங்கிக்கொண்டிருக்கும். அரைமணி நேரத்தில் குடியிருப்பு முழுவதும் பளபளவென்று விளங்கும். மாலைக்குள் அவ்வளவு கார்களின்மேலும் மீண்டும் புழுதி படிந்துவிடும். மே, சூன் மாதங்களில் ‘ஆந்தி’ என்று இவ்வூரார் கூறும் புழுதிக்காற்று வீசினாலோ, காலையில் துடைத்த வண்டியின் நிறம் நண்பகலில் தெரியாது.

இவ்வளவு புழுதிக்கு நடுவிலும் இவ்வூரார் வண்டியின் முகத்தைக் காப்பதில் ஏன் இத்தனை அக்கறை கொள்கின்றனர் என்று நான் முதலில் வியந்ததுண்டு. காரணம் தில்லியின் அண்மைக்கால வரலாற்றிலேயே இருக்கிறது. 1983 டிசம்பர் 14-ஆம் நாள் முதல் மாருதி 800 காரின் சாவியைப் பிரதமர் இந்திரா காந்தி அம்மையார், தில்லியைச் சேர்ந்த ஹர்பால் சிங் என்பவரிடம் அளித்தார். அவர் இந்தியன் ஏர்லைன்ஸ் நிறுவனத்தில் பணிபுரிந்தவர், மாதச் சம்பளக்காரர். செல்வர் வீட்டு முற்றத்தில் மட்டுமே நின்ற கார், சம்பளக்காரன் வாயிலிலும் நிற்கத் தொடங்கியது அக்காலத்திலேதான். 2010-இல் தாம் இறக்கும்வரை அவர் அவ்வண்டியை விற்கவில்லை. அவருக்குப் பின்னர் வெயிலிலும் மழையிலும் நின்று துருவேறிய அதனைப் பிற்காலத்தில் அந்நிறுவனமே புதுப்பித்துத் தன் தலைமை அலுவலகத்தில் காட்சிக்கு வைத்தது. வாழ்நாளில் ஒரே ஒரு முறை வாங்கும் பொருளை மனிதன் எவ்வாறு பேணுவான் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

நான் கார் வாங்கியது 2019-இல். அது 2014-ஆம் ஆண்டின் சிறிய பெட்ரோல் வண்டி, பிறர் ஓட்டியது. அலுவலகத்திற்கு மெட்ரோ இருக்கிறது. என் தாயாருக்கு நள்ளிரவில் மூச்சுத்திணறல் வரும் காலங்களில் மருத்துவமனைக்கு விரைய ஏதேனும் வேண்டியிருந்தது. கருநீல வண்ணம். வந்த புதிதில் அதைப் பார்த்துப் பார்த்து மகிழ்ந்தேன். காலைதோறும் பழைய வேட்டித் துணியால் அழுந்தத் துடைத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆழ்குழாய் நீரை வாளி வாளியாக ஊற்றி, பாத்திரம் துலக்கும் சோப்பு நுரையால் தேய்த்து, வெயிலிலே காயவிட்டேன். ஓராண்டு முடிவதற்குள் வண்டியின் மேல்மூடி முழுவதும் சிலந்திவலை போன்ற கீறல்கள் பரவின. வெண்ணிறப் புள்ளிகள் படிந்தன. அன்பு மிகுந்தே கெடுத்தேன் எனலாம்.

அப்பொழுதுதான் மூன்றாம் மாடியில் குடியிருந்த பாளையங்கோட்டைப் பெரியவர் எனக்கு அறிமுகமானார். மைய அரசின் கணக்கு அலுவலகம் ஒன்றில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். நாங்கள் எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றே அழைப்போம். அவரிடம் 2008 மார்ச்சில் வாங்கிய வெள்ளை நிறக் கார் ஒன்று இருந்தது. பன்னிரண்டு ஆண்டு ஓடிய வண்டி என்று சொன்னால் எவரும் நம்பமாட்டார்கள்.

“தம்பி, காய்ந்த புழுதியைத் துணியால் தேய்க்கிறீர்களே, அது உப்புத்தாளால் தேய்ப்பதற்குச் சமம் அல்லவா?” என்று ஒருநாள் கேட்டார்.

“தினந்தோறும் எல்லோரும் அப்படித்தானே துடைக்கிறார்கள், அண்ணாச்சி?” என்றேன்.

“ஆமாம், அதனால்தான் எல்லா வண்டியும் ஒரே மாதிரி இருக்கிறது” என்று சிரித்தார்.

அன்று அவர் விளக்கியவற்றைச் சுருக்கிச் சொல்கிறேன். காரின் தகட்டின்மேல் முதலில் துருப்பிடிக்காமல் காக்கும் அடிப்பூச்சு, அதன்மேல் வண்ணம், எல்லாவற்றிற்கும் மேலே கண்ணாடி போன்ற தெளிபூச்சு. பளபளப்பு முழுவதும் இந்தத் தெளிபூச்சில்தான் இருக்கிறது. அது ஒரு மயிரிழையின் கனமும் இல்லாதது. தில்லிப் புழுதியோ மணல் கலந்தது. உலர்ந்த துணி அம்மணலை இழுத்துக்கொண்டு போகும் வழியெல்லாம் கோடு விழும். ஆகவே முதலில் நீரைத் தெளித்துப் புழுதியை இறக்கவேண்டும். பின்னரே துணி படவேண்டும். வாளிகள் இரண்டு வேண்டும்: ஒன்றில் சோப்பு நீர், மற்றொன்றில் அழுக்குத் துணியை அலசும் நீர். சாதாரணத் துணியைவிட மைக்ரோஃபைபர் என்னும் நுண்ணிழைத் துணி நல்லது. அது துகளைத் தன் இழைக்குள் வாங்கிக்கொள்ளும். கீழே விழுந்த துணியை மறுபடி வண்டியில் வைக்கலாகாது. பாத்திரம் துலக்கும் சோப்பு, பூசிய மெழுகையும் கழுவிக்கொண்டு போய்விடும்.

வெண்புள்ளிகளுக்குக் காரணம் இவ்வூர் நிலத்தடி நீரின் உப்பு. வெயிலில் நீர் ஆவியாகிவிட, உப்பு மட்டும் பூச்சின்மேல் தங்கிவிடுகிறது. ஆதலால் நிழலில் கழுவி, உடனே ஒற்றி எடுக்கவேண்டும். நீரைப் பற்றி மற்றொன்றும் நினைவில் வைக்கத்தக்கது. 2024 மே மாத இறுதியில் தில்லியில் குடிநீர்த் தட்டுப்பாடு மிகுந்தபோது, குழாய் வைத்துக் கார் கழுவுவோருக்கு 2,000 ரூபாய் தண்டம் என்று தில்லி அரசு ஆணையிட்டது. அண்ணாச்சியின் முறைக்கு இரண்டு வாளி நீர் போதும். தண்ணீர் லாரியின் வரவை எதிர்பார்த்துக் குடத்துடன் நிற்கும் குடும்பங்கள் இருக்கும் ஊரில், காருக்குக் குழாயைத் திறந்துவிடுவது நமக்கு அழகன்று.

கழுவியபின் மெழுகு. நல்ல மெழுகுகளுள் ஒன்று கார்னௌபா எனப்படுவது; பிரேசில் நாட்டின் வடகிழக்கில் வளரும் ஒருவகைப் பனையின் ஓலையிலிருந்து எடுப்பது. கடும் வெயிலில் தன் ஈரத்தைக் காத்துக்கொள்ள அம்மரம் ஓலையின்மேல் பூசிக்கொள்ளும் மெழுகே மனிதனின் காருக்கும் காப்பாகிறது. இதைச் சொல்லும்போது அண்ணாச்சியின் முகத்தில் ஒரு பெருமிதம் தோன்றும். “பனை எந்த நாட்டில் பிறந்தாலும் பிறருக்கு உழைக்கும், தம்பி” என்பார். இக்காலத்தில் செராமிக் பூச்சு என்று பல ஆயிரம் ரூபாய்க்குப் பூசுகிறார்கள். அது மெழுகைவிட நெடுநாள் நிற்கும் என்பது உண்மையே. எனினும் கல் பட்டால் வரும் வடுவை அதுவும் தடுக்காது. அதன்மேல் காய்ந்த புழுதியைத் தேய்த்தால் கீறலும் விழவே செய்யும்.

பறவை எச்சத்தை மறுநாளைக்கு வைக்கலாகாது. வெயிலில் அது பூச்சை அரித்துவிடும். ஈரத்துணியைச் சிறிது நேரம் அதன்மேல் வைத்து, ஊறியபின் எடுக்கவேண்டும். சூலையில் நாவல் மரத்தடியில் வண்டியை நிறுத்தலாகாது. நம் இல்லத்தரசிகளுக்கும் ஒரு வேண்டுகோள்: ஆயுத பூசையன்று மலை மந்திர் சென்றுவந்து இடும் சந்தனத்தையும் குங்குமத்தையும் கண்ணாடியின்மேல் இடுங்கள், வண்ணத்தின்மேல் இட்டால் இரவுக்குள் ஈரத்துணியால் எடுத்துவிடுங்கள். முருகப்பெருமான் இதற்காகக் கோபித்துக்கொள்ளமாட்டார்.

ஒரு குளிர்காலத்து ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி என்னைப் பழங்கார் அணிவகுப்புக்கு அழைத்துச் சென்றார். ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழ் 1964-இல் தொடங்கிய அணிவகுப்பு அது. மன்னர்களும் செல்வர்களும் ஒருகாலத்தில் ஏறிச்சென்ற வண்டிகள் பித்தளை மின்ன ஊர்ந்து சென்றன. அவ்வணிவகுப்பில் பலமுறை கலந்துகொண்ட ஒரு வண்டியைப் பற்றி இரயில்வே ஊழியன் என்ற முறையில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சாணக்கியபுரியில் 1977 முதல் விளங்கும் தேசிய இரயில் அருங்காட்சியகத்தில் ஜான் மாரிஸ் தீயணைப்பு வண்டி ஒன்று உண்டு. 1914-இல் இங்கிலாந்தில் செய்யப்பட்டு, நிஜாம் அரசின் இரயில்வே வாங்கியது. நூறாண்டு கடந்தும் சிவப்பு மங்காமல் நிற்கிறது. முதலாளி ஒருவரின் ஆசையால் காக்கப்பட்டதன்று அது. மாதச் சம்பளத் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாகத் துடைத்து வைத்தது. தில்லிக்கு வரும் நம் உறவினர்களை அங்கும் அழைத்துச் செல்லுங்கள்.

வீடு திரும்பும் வழியில் அண்ணாச்சி பேசவேயில்லை. காரணம் எனக்குப் பிறகுதான் விளங்கியது. தில்லியில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டியும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டியும் ஓடலாகாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இட்ட ஆணைகளை 2018 அக்டோபரில் உச்சநீதிமன்றம் உறுதிப்படுத்தியிருந்தது. அவருடைய வண்டிக்கு 2023 மார்ச்சில் 15 நிறைவு. மற்றொருபுறம், 2021 சூலையில் மைய அரசு வெளியிட்ட விதிகள், 50 ஆண்டு கடந்து மூல உருவம் மாறாமல் இருக்கும் வண்டிகளைப் பழம்பெரும் வண்டிகள் என்று ஏற்று, அவற்றிற்கு ‘வி.ஏ.’ என்னும் எழுத்துகள் கொண்ட தனி எண் அளிக்க வகை செய்தன. அதாவது, 15-க்கும் 50-க்கும் இடையே 35 ஆண்டுகள். அந்த இடைவெளியில் இருக்கும் சம்பளக்காரன் வண்டி, எவ்வளவு பேணப்பட்டதாயினும், தலைநகரில் முதுமை எய்தவும் இயலாது. பழம்பெருமை எய்தவும் இயலாது.

“இது முறையா, அண்ணாச்சி? உங்கள் வண்டியைப் பார்த்தபிறகும் பழையது என்பார்களா?” என்று நான் வருந்திக் கேட்டேன்.

அவர் சிறிது நேரம் கழித்தே விடை சொன்னார். “தம்பி, நீங்களும் நானும் வண்டியின் முகத்தைப் பார்க்கிறோம். பின்பக்கத்துக் குழாயில் வருவதைப் பார்ப்பவர் பார்க்கிறார்கள். நவம்பரில் என் பேத்தி இரவெல்லாம் இருமுகிறாள். உங்கள் அம்மாவும் அப்படித்தானே? என் வண்டியால் மட்டும் அந்த இருமல் வரவில்லை. என் வண்டிக்கு அதில் பங்கே இல்லை என்றும் சொல்லமாட்டேன்.”

எனக்கு மறுமொழி தோன்றவில்லை. சட்டம் ஆண்டுகளை எண்ணுவதைவிடப் புகையை அளந்தால் நன்று என்ற எண்ணம் எனக்கு இன்றும் உண்டு. 2025 ஆகஸ்டில், வயதை மட்டும் கருதி வண்டிக்காரர்மீது கடும் நடவடிக்கை எடுக்கவேண்டாம் என்று உச்சநீதிமன்றம் கூறியது. அவ்வாண்டு டிசம்பரிலேயே, பாரத் நிலை 4-க்குக் குறைந்த தரமுடைய வண்டிகளுக்கு அக்காப்பு இல்லை என்று திருத்தியது. வயதோடு புகையின் தரமும் கணக்கில் வந்ததை நான் வரவேற்கிறேன். அண்ணாச்சியின் 2008 வண்டி அக்கணக்கிலும் தேறியிராது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அவர் வண்டியை இரும்புக்கடைக்குக் கொடுக்கவில்லை. தடையின்மைச் சான்று பெற்று, பாளையங்கோட்டையில் உள்ள தம்பிக்கு அனுப்ப முடிவு செய்தார். 2023 பிப்ரவரியில் புறப்படுவதற்கு முதல்நாள் காலை, நாங்கள் இருவரும் சேர்ந்து அதைக் கழுவினோம். “இரண்டாயிரத்து எண்ணூறு கிலோமீட்டர் புழுதியில் போகப்போகும் வண்டிக்கு மெழுகு எதற்கு?” என்று அவருடைய மகன் கேட்டான். “ஊருக்குப் போகிறவளை அழுக்குச் சேலையோடு அனுப்புவார்களா?” என்றார் அவர். தந்தையும் மகனும் மாற்றி மாற்றி ஓட்டிக்கொண்டு ஆக்ரா, ஜான்சி, நாக்பூர், ஐதராபாத், பெங்களூர், சேலம், மதுரை வழியாகத் தேசிய நெடுஞ்சாலை 44-இல் சென்றனர். அங்கே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சோதித்து, 5 ஆண்டுகளுக்குப் பதிவைப் புதுப்பித்தார்கள் என்று பின்னர் கடிதம்போல் நீண்ட ஒரு செய்தி அனுப்பினார்.

அண்ணாச்சி இப்பொழுதும் துவாரகையில்தான் இருக்கிறார். தமக்கென்று வேறு வண்டி வாங்கவில்லை. மெட்ரோவில் போகிறார், காலையில் கீழே இறங்கி வந்து என் வண்டியைச் சுற்றிப் பார்த்து, குற்றம் கண்டால் சொல்கிறார். எங்கள் குடியிருப்பில் வண்டி துடைக்க வரும் பீகார் இளைஞருக்கு அவரும் நானும் சேர்ந்து நீர் தெளிக்கும் புட்டி ஒன்றும் நுண்ணிழைத் துணிகள் பத்தும் வாங்கிக் கொடுத்தோம். வேலை அவருக்கு எளிதாயிற்று, வண்டிகளுக்கும் நலமாயிற்று. இச்செலவைப் பிற குடியிருப்புகளில் உள்ள நம்மவரும் ஏற்கலாம்.

என் வண்டிக்கு 2029-இல் 15 ஆண்டு நிறைகிறது. அப்பொழுது விதி எவ்வாறிருக்குமோ, அதன்படி நடப்பேன். அதுவரை வாரம் இரண்டு வாளி நீரும், ஆண்டுக்கு இருமுறை மெழுகும், முறை தவறாமல் புகைச் சோதனையும் அதற்கு உண்டு. போன வாரம் என் தாயாரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றபோது, ஏறுவதற்குமுன் தம் முந்தானையால் கதவின் பிடியைத் துடைக்கப் போனார். “வேண்டாம் அம்மா, கீறல் விழும்” என்று நான் தடுத்ததைக் கேட்டு, மேல்மாடியிலிருந்து அண்ணாச்சி சிரித்த சிரிப்பு தெருக்கோடிவரை கேட்டது.